பாதி மாளிகையின் ஆளுநர்

ஹீலோ,
ஜனவரி 17, 1944

கார்ல்டன்,

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன்.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளுநராகிய நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இந்த ஹவாய்த் தீவுகள் அத்தனையையும் ராணுவத்திடம் ஒப்படைத்தாய். ஹீலோ நீதிபதியான எனக்கு, ராணுவ ஆட்சி வந்த செய்தி வானொலியில் கிடைத்தது. எங்கள் பால்காரனுக்கும் அப்போதுதான் கிடைத்தது. மறுநாள் என் நீதிமன்றத்தையும் மூடினார்கள். உன்னோடு வருடக்கணக்கில் ஒரே அறையில் வக்கீல் தொழில் நடத்தியவன் நான். நீ சட்டமன்றத்துக்கு நின்றபோது ஹவாய்க்காரர் வீடு வீடாக உன்னைக் கூட்டிப்போய், "வெள்ளைக்காரன்தான், ஆனா நம்ம ஆளு" என்று சொன்னவன். ஒரு தொலைபேசி அழைப்புக்குக்கூட நான் தகுதியில்லாமல் போனேன். அதை விழுங்கினேன். பிறகு நிலத்தகராறையும் விவாகரத்தையும் மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்து, மற்றதை ராணுவ நீதிமன்றமே வைத்துக்கொண்டது. அதையும் விழுங்கினேன்.

இப்போது நடந்திருப்பதை விழுங்க முடியவில்லை.

என் தங்கை மெலியாவை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு மாலை கட்டியவள். அவள் புருஷன் கெயோகி இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். போன அக்டோபரில் அவர்கள் குழந்தை லெய்க்கு ஒரு வயது முடிந்தது. முதல் பிறந்தநாளுக்குப் பன்றி இல்லாமல் எங்களில் யாரும் விருந்து வைப்பதில்லை. முன்பெல்லாம் விடியும் முன்பே மண்ணடுப்பு மூட்டுவோம். இரவில் ஒரு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது என்ற இருட்டடிப்புச் சட்டம் வந்த பிறகு அது முடியாது. அதனால் கெயோகி ஒரு வழி கண்டான். முந்தைய நாள் மதியமே குழியில் கல்லைக் காய்ச்சி, பன்றியை இறக்கி, வாழை இலையும் ஈரச்சாக்கும் போட்டு, பொழுது சாய்வதற்குள் மண்ணால் மூடிவிட்டான். தீப்பொறி வெளியே தெரியாது. சட்டப்படி எல்லாம் சரி.

ஹீலோ மழையைத்தான் அவன் மறந்துவிட்டான். இருட்டியதும் அடித்துப் பெய்தது. சூடான மண் வெடித்தது. வெடிப்பு வழியே ஆவி ஆளுயரத்துக்கு எழுந்தது. கல்லின் சிவப்பு கடற்கரைக் காவல் மேடைக்குத் தெரிந்தது. மூன்று சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் மண்வெட்டியை எடுத்துக் குழியைத் திறக்கப் போனான். திறந்தால் ஆவி அவன் முகத்தை உரித்துவிடும் என்று கெயோகிக்குத் தெரியும். அந்தப் பையனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

எதிரிக் கப்பலுக்கு விளக்கு காட்டியது, காவலனைத் தாக்கியது. இரண்டு குற்றங்கள்.

விசாரணைக்கு நான் போனேன். பின் பெஞ்சில் உட்கார மட்டும் அனுமதி. மேஜையில் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு மேஜர் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்காக நெருப்பு?"

"பன்னி வேகறதுக்கு, ஐயா."

"நடுச் சண்டையில பன்னி?"

"குழந்தைக்குச் சண்டை தெரியாதே, ஐயா. அது பாட்டுக்கு ஒரு வயசாயிடுச்சு."

மேஜர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஐந்து வருடம் கடுங்காவல் என்றார். நான் ஒரு நாய் லைசென்ஸ் வழக்கில்கூட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கெயோகி இப்போது ஹொனலூலு சிறையில். கல் உடைக்கிறான், இருமுகிறான். வக்கீல் ஹாங் அங்கே மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறார். எங்கள் நீதிமன்றங்கள் வேலை செய்யும் நிலையில் இருந்தனவா, இல்லையா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. இருந்தன என்றால் ராணுவத்துக்கு அவனை விசாரிக்கும் உரிமையே கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன்.

சாட்சி சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

எபெனேசர் மகேகௌ

❖

ஆளுநர் அலுவலகம், ஹொனலூலு,
ஜனவரி 26, 1944

திரு. மகேகௌ அவர்களுக்கு,

தங்கள் 17ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த துயரம் குறித்து வருந்துகிறேன்.

தாங்கள் குறிப்பிடும் விவகாரம் முழுமையாக ராணுவ ஆளுநரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலுவையில் உள்ள வழக்கு குறித்து இந்த அலுவலகம் கருத்துக் கூற இயலாது. ஒரு நீதிபதி இத்தகைய விஷயத்தில் ஆளுநருக்கு நேரடியாக எழுதுவது முறையாகாது என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கார்ல்டன் வேட்
ஆளுநர்

❖

ஹீலோ,
பிப்ரவரி 3, 1944

மாண்புமிகு ஆளுநர் அவர்களுக்கு,

தங்கள் தட்டச்சுக் கடிதம் வந்து சேர்ந்தது. "தங்கள்", "தாங்கள்" என்று ஐந்து முறை தட்டச்சு செய்ய வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் விரல் வலித்திருக்கும்.

முறை பற்றிச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் தீவுகளைப் பறித்துக்கொண்டு எங்கள் அரசியைப் பூட்டி வைத்த மாளிகையில் உட்கார்ந்துகொண்டு முறை பற்றி எனக்கு எழுதுகிறீர்கள். அந்த மாளிகையிலும் பாதிதான் இப்போது உங்களுக்கு என்று கேள்விப்பட்டேன். நல்ல பாதி ராணுவ ஆளுநருக்கு. மழை பெய்தால் ஒழுகும் பாதி உங்களுக்கா?

போகட்டும் கார்ல்டன், எனக்கு இப்படி எழுத வராது. கேள்.

மெலியாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அண்ணே, இதுல அவரு முடியும்னு சொல்றாரா, முடியாதுன்னு சொல்றாரா?"

முடியாது என்று சொல்கிறான் என்றேன்.

"அதுக்கா இவ்வளவு?" என்றாள். பிறகு, "அவருக்கு நான் கட்டின மாலையில பாதிப் பூ எங்க வீட்டுப் பூ. அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இன்னொன்று. அங்கே சிறையில் ரத்தம் கொடுத்தால் தண்டனையில் கொஞ்சம் கழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்காம். கெயோகி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போயிருக்கிறான். காய்ச்சலோடு போனவனிடமும் எடுத்துக்கொண்டார்கள். மறுபடி போனான், மறுபடி எடுத்தார்கள். இப்போது கல்லைத் தூக்கினால் கண் இருட்டுகிறது என்று வக்கீல் ஹாங் எழுதுகிறார். எதிரிக்கு விளக்கு காட்டியவன் என்று சொல்கிறவர்களுக்கு அவன் ரத்தத்தில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

நேற்று ஒரு லெப்டினன்ட் என் அலுவலகத்துக்கு வந்தான். என் மருமகன் வயது. ஆளுநருக்கு என்ன எழுதினீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். நீங்கள்தான் படித்திருப்பீர்களே என்றேன். "படிச்சோம் சார். உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்" என்றான். அவன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மதியம் இருந்த நிலத்தகராறு வழக்கை ஒத்திவைத்தேன். கோபம் என்று மெலியாவிடம் சொன்னேன்.

இதைப் படிக்கும் தணிக்கைக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டுவதாக இருந்தால் நேராக வெட்டவும்.

எபென்

❖

ஹொனலூலு,
பிப்ரவரி 14, 1944

எபென்,

இதைக் கொண்டுவருபவர் பாதிரியார் அல்ஃபோன்ஸ். தபாலில் அனுப்ப முடியாது. என் கடிதங்களையும் பிரிக்கிறார்கள். நான் என் மனைவிக்கு எழுதியதே ஒருமுறை ஓட்டையோடு போனது. உன்னுடையதில் நாலைந்து சன்னல்கள் வெட்டியிருந்தார்கள். மாலையும் பூவும் தப்பித்தன. நாம் என்ன சங்கேதம் பேசுகிறோம் என்று யோசித்திருப்பார்கள்.

போன தடவை எழுதியது ஆளுநர். இதை எழுதுவது நான். கோபப்படுவதற்கு முன் கேட்டுக்கொள்.

அந்த ஞாயிறு மதியம் ஜெனரல் என் அறைக்கு வந்தார். கண்ணில் நீர் நிற்க, நாளை விடிவதற்குள் எதிரி கரையில் இறங்கிவிடுவான் என்றார். நான் கேட்டது ஒன்றே: எத்தனை நாளைக்கு? "ஒரு மாசம், அவ்வளவுதான். கடற்கரை நிலைமை சரியானதும் உங்க நாற்காலி உங்களுக்கு" என்றார். வெளியே புகை. என் தோட்டத்துக்குள்ளேயே ஒரு குண்டு விழுந்து வெடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். எதிரி வரவில்லை. நாற்காலியும் வரவில்லை. அந்த ஜெனரல் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரிடம் ஒரு மாசம் என்ற பேச்சைச் சொன்னால், அப்படி எந்தக் கோப்பிலும் இல்லையே என்கிறார்.

அன்றிலிருந்து என் வேலை என்ன தெரியுமா? கொடுத்ததைக் கெஞ்சித் திரும்ப வாங்குவது. இரண்டு தடவை வாஷிங்டன் போனேன், தாழ்வாரத்தில் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தைத் திரும்ப வாங்கினேன். ஆஸ்பத்திரியை வாங்கினேன். உன் நிலத்தகராறும் விவாகரத்தும் தானாக வந்தது என்று நினைத்தாயா? அதற்காக ஒரு முழு வருடம் ஒரு கர்னலின் காபி அழைப்புகளுக்கெல்லாம் போய் உட்கார்ந்தேன். நான் போய்விட்டால் என் இடத்தில் சீருடை போட்ட ஒருவன் வருவான். அப்போது பாதி மாளிகையும் இருக்காது. ஆமாம், ஒழுகுகிறது.

உனக்குத் தொலைபேசியில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராணுவத்துக்கு இந்த ஆட்கொணர்வு மனு பிடிக்கவில்லை, பயப்படுகிறார்கள். போன வாரம் ஒருவர் என்னிடம் வந்து பேசினார். கெயோகி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், மனுவைத் திரும்ப வாங்க வேண்டும். அந்த வாரமே ஹீலோ கப்பலில் ஏற்றிவிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் இனி வழக்குப் போடமாட்டேன் என்றும் அந்தத் தாளில் இருக்கும். அவ்வளவுதான். யாரும் கூண்டில் ஏற வேண்டாம்.

நீ வந்து அவனிடம் பேசு. பயண அனுமதிக்கு ராணுவத்திடம் சொல்லிவிட்டேன். இதற்கு மட்டும் உடனே சரி என்றார்கள்.

கார்ல்

❖

ஹொனலூலு,
மார்ச் 2, 1944

கார்ல்டன்,

இதை ஹாங்கிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறேன்.

நேற்று மதியம் மாளிகைக்கு வந்தேன். வாசல் சிப்பாய் என் பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டச் சொன்னான். அந்த மாளிகை கட்டப்பட்டபோது என் அப்பா அதற்குக் கல் சுமந்தார். உன் முன்னறையில் உட்கார்ந்தேன். உள்ளே நீ யாரோடோ சிரித்துப் பேசுவது கேட்டது. பிறகு அந்தத் தட்டச்சுப் பெண் வந்து, ஆளுநர் ஊரில் இல்லை என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

புறப்படும் முன் மெலியாவிடம் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "எதுல வேணா கையெழுத்துப் போடச் சொல்லு அண்ணே. கடவுளைக் கொன்னேன்னு எழுதியிருந்தாலும் போடட்டும். ஆளு வீட்டுக்கு வந்தா போதும்" என்றாள். இதை அப்படியே அவனிடம் சொல்வதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்னை அவளுக்குத் தெரியும். நான் வழக்கைத்தான் விரும்புவேன் என்று தெரியும். நீயும் இதைப் படித்தால் அதையேதான் நினைப்பாய்.

சிறையில் கெயோகியைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். தோள் மட்டும் அப்படியே இருக்கிறது. நடுவில் ஆளைக் காணோம். பேசும்முன் இருமினான், பேசி முடித்து இருமினான். பக்கத்தில் ஒரு சார்ஜென்ட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"லெய் நடக்கறாளா மச்சான்?"

நடக்கிறாள், கையில் கிடைப்பதையெல்லாம் கிணற்றில் போடுகிறாள் என்றேன். சிரித்தான்.

தாளைக் காட்டினார்கள். அவனுக்குப் படிக்க வரும், ஆனால் என்னைப் படிக்கச் சொன்னான். படித்தேன். எதிரிக் கப்பலுக்கு அடையாளம் காட்டும் நோக்கத்தோடு தீ மூட்டினேன் என்று இருந்தது. நோக்கத்தோடு. மேஜர்கூட அப்படிச் சொல்லவில்லை, கார்ல்டன். உன்னிடம் வந்து பேசியவர் இந்தச் சொல்லை உனக்குச் சொன்னாரா? இல்லை நீ எனக்குச் சொல்லவில்லையா?

"மெலியா என்ன சொல்றா?" என்று கேட்டான்.

சத்தியம் செய்திருந்தேன். போடச் சொன்னாள் என்றேன். கடவுளைக் கொன்ன கதையையும் சொன்னேன். என் கருத்து எதையும் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடியதில்லை.

சார்ஜென்ட் பேனாவை வலைக்கு அடியில் தள்ளினான்.

"போடலாம் மச்சான். எனக்கும் வீட்டுக்குப் போகணும். ராத்திரி மூச்சு முட்டுது, இங்கயே போயிருவேனோன்னு பயமா இருக்கு." இருமி முடித்தான். "ஆனா லெய் பள்ளிக்கூடம் போவா. அவ பொறந்தநாளைக்கு அவ அப்பன் ஜப்பான்காரனுக்கு வெளக்கு காட்டினான்னு பசங்க சொல்லுவாங்க. ஆமா, அவனே கையெழுத்துப் போட்டிருக்கான்னு சொல்லுவாங்க. அப்ப நான் என்ன சொல்றது? பன்னிதான் வேக வெச்சேன்னா?"

பேனாவைத் திருப்பித் தள்ளிவிட்டான். சார்ஜென்ட்டைப் பார்த்து, "நான் தள்ளின அந்தச் சிப்பாய்த் தம்பி மூஞ்சி நல்லா இருக்கா? வெந்துபோகலையே?" என்று கேட்டான். சார்ஜென்ட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஊருக்குப் போய் இதை மெலியாவிடம் நான் சொல்ல வேண்டும். நான்தான் தடுத்தேன் என்று நினைப்பாள். நினைக்கட்டும்.

வழக்கு இம்மாதம் 27 என்று ஹாங் சொல்கிறார். உனக்கு அழைப்பாணை அனுப்பியிருக்கிறார். வந்தே ஆக வேண்டும். ஆனால் கூண்டில் ஏறி, "நினைவில்லை", "கோப்பைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கவும் உன்னால் முடியும். அதைத்தான் செய்வாய் என்று ஹாங் பயப்படுகிறார். நான் இல்லையென்று சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை.

எபெனேசர்

❖

ஹொனலூலு,
மார்ச் 10, 1944

எபென்,

என் மனைவியின் தையல்காரி ஹீலோவுக்குத் திரும்புகிறாள். இதுதான் கடைசி வழி. போன வாரம் படகுத்துறையில் பாதிரியார் அல்ஃபோன்ஸின் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். பைபிளைக்கூட உதறினார்கள். இனி அவரைத் தொந்தரவு செய்யாதே.

முன்னறையில் உன்னை உட்கார வைத்ததற்கு என்னிடம் சாக்கு இருக்கிறது. என்னோடு உள்ளே இருந்தது ராணுவ வக்கீல். நீ என் அறைக்குள் நுழைவதை அவன் பார்த்திருந்தால் கெயோகியின் வழக்கு அன்றே முடிந்திருக்கும். சிரித்தது நான் இல்லை. அவன்தான். நீ நம்ப மாட்டாய்.

"நோக்கத்தோடு" என்ற சொல்லை என்னிடம் சொல்லவில்லை. நானும் தாளைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தாளைச் சரியாகப் படிக்காமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

நேற்று, இப்போது ராணுவ ஆளுநராக இருக்கும் புது ஜெனரல் விருந்துக்கு அழைத்தார். மீன் நன்றாக இருந்தது. பழம் வரும்போது பேச்சை எடுத்தார். ஆகஸ்டில் என் பதவிக்காலம் முடிகிறது, மறுநியமனத்துக்காக வாஷிங்டனில் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். அப்புறம் அதே குரலில், "அந்தக் கைதியோட குடும்பத்துலேர்ந்து உங்களுக்கு ஏதாச்சும் எழுதறாங்களா?" என்று கேட்டார். நீ ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தபாலில் எழுதியதை அவர் படித்திருக்கிறார். அதற்குப் பிறகு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்று சொன்னேன். ஆக, கூண்டில் இதைக் கேட்பார்கள். நண்பனுக்காகப் பேசுகிறான் என்று நீதிபதிக்குத் தோன்றிவிட்டால் என் சாட்சிக்குக் காலணா மதிப்பு இராது. ஆளுநருக்கும் கைதியின் மச்சானுக்கும் வேலையில்லாத நேரத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் என்று முடித்துவிடுவார்கள். உன் கடிதங்களை நேற்று எரித்துவிட்டேன். நீயும் செய்.

இன்னொரு சிக்கல். நீதிமன்றங்கள் வேலை செய்யும் நிலையில் இருந்தன என்று நான் சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்பார்கள். எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஹொனலூலுவில் புகையைத் தவிர எதுவும் தெரியாது. ஹீலோவில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. குடிமக்கள் ஆளுநருக்கு எழுதியிருந்தால் அது வேறு. அதை நான் படித்தேன், விசாரித்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தினமும் எனக்கு மொட்டைக் கடிதங்கள் வருகின்றன. இறைச்சி கிடைக்கவில்லை, சாராயம் கிடைக்கவில்லை, ஆளுநர் ஒரு பேடி என்று. அவற்றை மட்டும் தணிக்கையில் ஒரு எழுத்துக்கூட வெட்டுவதில்லை. என்னைத் திட்டினால் அவர்களுக்குச் சந்தோஷம். சில சமயம் திட்டுக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டுக்கூட அனுப்புகிறார்கள்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கூண்டில் என்ன சொல்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. படுத்தால் அந்தப் பதவியில் இல்லாமல் நான் யார் என்ற யோசனைதான் வருகிறது. அது உனக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

வழக்கு நாளன்று இங்கே வராதே.

கா.

❖

ஹீலோ,
மார்ச் 16, 1944

ஆளுநர் வேட் அவர்களுக்கு,

உம்மைத் திட்டி வரும் கடிதங்கள் உமக்குப் பழகியிருக்கும். இதுவும் அப்படிப்பட்டதுதான். எனக்குச் சாராயம் வேண்டாம், இறைச்சி வேண்டாம். உம்மைத் திட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நீர் ஒரு கோழை. உமக்கு ஓட்டுப் போட்ட ஹவாய்க்காரர்களை ஒரு கையெழுத்தில் விற்றீர். விற்றுவிட்டு மிச்சத்தைச் சில்லறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதை வெற்றி என்று சொல்லித் திரிகிறீர். பழைய சிநேகிதர்களுக்குக் கதவைத் திறக்காத மனிதர் என்றும் கேள்வி. உம்மை நம்ம ஆளு என்று சொன்னவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். இதற்குக் கீழே பென்சிலால் கோடு போடுகிறவர் அழுத்தியே போடட்டும்.

ஹீலோவில் நீர் எதை மூடினீர் என்று உமக்குத் தெரியுமா? தெரியாது, நீர் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஹீலோவில் ஒரு கண்ணாடிகூட உடைந்திருக்கவில்லை. கடையெல்லாம் திறந்திருந்தது. நீதிமன்றத்தில் அன்று ஒரு மாட்டுத் திருட்டு வழக்கு. ஜூரிகளை வரச் சொல்லி முந்தைய வாரமே சொல்லியிருந்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று குமாஸ்தா நினைத்தார். எல்லோரும் வந்தார்கள். முதலில் வந்தவர் மளிகைக்கடை ஒகினோ. ஜப்பானியர் என்று முந்தைய நாள் முழுக்க அவர் வீட்டைப் போலீஸ் புரட்டிப் போட்டிருந்தது. வெளியே வரவே பயந்திருப்பார் என்று நினைத்தோம். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பால்பண்ணை டிமெல்லோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன ஓய், யாரு செத்துட்டா?" என்று கேட்டார். "இன்னும் தெரியல" என்றார் ஒகினோ. அந்த அறையில் சிரிப்பு எழுந்தது. அன்றைக்கு இந்தத் தீவுகளில் வேறு எங்காவது யாராவது சிரித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

வெள்ளைக்காரர், சீனர், போர்ச்சுகீசியர், ஹவாய்க்காரர், ஜப்பானியர் என்று ஒரே பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். பல இனத்து ஜூரிகள் ஒன்றாக உட்கார்ந்தால் வெட்டு குத்து வரும் என்று ராணுவம் சொல்கிறதாமே. மாட்டுத் திருடன்கூட வந்திருந்தான். ஜாமீனில் இருந்தவன், ஓடியிருக்கலாம். நீதிபதி அங்கியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். அந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். வயசுப் பையன்கள், துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீதிமன்றம் மூடப்பட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. எதிர்ப்பு ஒன்றுமில்லை, நீதிபதி சொல்லாமல் ஜூரி எழுந்து போகும் வழக்கம் கிடையாது. நீதிபதி போகலாம் என்றார். அதன் பிறகுதான் எழுந்தார்கள். வாசலில் ஒகினோ நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிப்பாயிடம் கேட்டார்: "நாளைக்கு வரணுங்களா?"

சிப்பாய்க்குத் தெரியவில்லை. நீதிபதியைப் பார்த்தான். நீதிபதிக்கும் தெரியவில்லை. ஒகினோவும் டிமெல்லோவும் மறுநாளும் வந்தார்கள். கதவில் பூட்டு இருந்தது. இருவரும் ஹீலோவிலேயே இருக்கிறார்கள். ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ளும். குமாஸ்தாவும் உயிரோடுதான் இருக்கிறார்.

இதுதான் நீர் மூடியது. தெரிந்துகொண்டீர் அல்லவா? இனிமேல் யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்ல உமக்கு வழியில்லை. பதவி இல்லாமல் நீர் யார் என்று உமக்குச் சந்தேகம் இருந்தால், எங்களைக் கேளும். நாங்கள் இரண்டு வருடமாக அது இல்லாமல்தான் இருக்கிறோம்.

என் வீட்டில் ஒருத்தி என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அது உமக்குச் சம்பந்தமில்லாத விஷயம். இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும். வீட்டு நிலைமையைப் பற்றிப் புலம்பாத மொட்டைக் கடிதம் எங்கே இருக்கிறது?

எல்லாத் தாளிலும் என் பெயரை முழுசாக எழுதியே பழகியவன் நான். இதை எழுதியது நான் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை இப்போதும் இருக்கிறது. நாளை இதனால் ஏதாவது நல்லது நடந்தால் யார் சொல்லி நடந்தது என்று ஒருவனும் அறியப்போவதில்லை. அது எனக்கு வலிக்கிறது. ஆனால் கீழே ஒரு பெயர் இருந்தால், சொன்னது போய், யார் சொன்னது என்ற பேச்சுத்தான் மிஞ்சும். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. பெயர் போடாமல், இப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.